பத்தாவது முடிந்தது, மேலே படிக்கப் பணம்? பிளஸ் ஒன் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் பள்ளி ஆபீஸ் வாசலில் டி.சி. வாங்க ஒரு வரிசை நிற்கும். அரசுப் பள்ளி ஆசிரியராக அந்த வரிசையைப் பல வருடங்களாகப் பார்க்கிறேன். நிற்பவர்களில் சிலர் பையனை ஒர்க்‌ஷாப்பில் விடப்போகிறார்கள். சிலர், "பொண்ணு பத்து படிச்சாச்சு, வீட்டோட இருக்கட்டும் சார்" என்பார்கள். இன்னும் சிலருக்குப் பக்கத்து ஊர்த் தனியார் பள்ளி, "நல்ல மார்க்குதான், பாதி ஃபீஸ் கட்டினால் போதும்" என்று ஆள் விட்டுச் சொல்லியிருக்கும்.

மூன்று தரப்புக்கும் காரணம் பணம்தான். பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடத்துக்குக் கிடைக்கக்கூடிய பணம் எவ்வளவு என்பதுதான் பல வீட்டில் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் ஒரு சான்றிதழ் இல்லாமலோ, வங்கிக் கணக்கில் ஒரு சிக்கலாலோ விட்டுவிடுகிறார்கள். அதனால் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். தொகைகளும் விதிகளும் 2025-26 கல்வியாண்டு நிலவரம்.

டி.சி. வாங்கும் முன் ஒரு கணக்கு

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துவரும் பிள்ளையை பிளஸ் ஒன்னுக்குத் தனியாருக்கு மாற்றினால் கையை விட்டுப் போவது எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

ஒன்று, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவப் படிப்புக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். கடைசி இரண்டு வருடம் பள்ளி மாறிவிட்டால் முன்னால் படித்த ஐந்து வருடமும் இந்தக் கணக்கில் செல்லாது.

இரண்டு, கல்லூரிக் காலத்தில் மாதம் ரூ.1,000. பெண்களுக்குப் புதுமைப்பெண் (2022 செப்டம்பர் முதல்), பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 ஆகஸ்ட் முதல்). இதற்கும் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பதே அடிப்படை. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இதில் வருவார்கள். ஆனால் 7.5 சதவீதத்தில் உதவிபெறும் பள்ளி வராது. இந்த வித்தியாசம் தெரியாமல், எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துப் பள்ளி மாறியவர்கள் உண்டு.

மூன்று, பிள்ளை எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேர்வாகியிருந்தால் வருடம் ரூ.12,000 வரும். அது அரசு, உதவிபெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிக்கும்வரைதான். தனியார் பள்ளிக்கு மாறினால் அந்தப் பணமும் நின்றுவிடும்.

பாதி ஃபீஸ் என்று சொல்லும் பள்ளியில் மீதிப் பாதி, வேன், யூனிஃபார்ம், ஸ்பெஷல் கிளாஸ் எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டுங்கள். மேலே சொன்னதை அதற்கு எதிரே எழுதுங்கள். அப்புறம் முடிவு உங்களுடையது. தனியார் பள்ளியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து அரசுப் பள்ளியில் பிள்ளை கேட்கும் குரூப்பே இல்லாத ஊர்களும் இருக்கின்றன. ஆனால் மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நல, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அரசுப் பள்ளி கணக்கில் வரும். அங்கேயும் ஒருமுறை விசாரித்துவிட்டு முடிவு செய்யலாம்.

பத்தாவதில் ஒரு பாடம் போய்விட்டால் உடனே வேலைக்கு அனுப்ப வேண்டாம். துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வரும். அதில் பாஸானால் அதே வருடம் பிளஸ் ஒன் சேரலாம்.

மே மாதத்திலேயே காகிதங்கள்

வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று. இந்த ஐந்தும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

இதில் வருமானச் சான்றுக்கு ஆயுள் ஒரு வருடம்தான். போன வருடம் வேறு எதற்கோ வாங்கியது இந்த வருடம் செல்லாது. இ-சேவை மையத்தில் ரூ.60 கட்டி விண்ணப்பிக்கலாம். அங்கிருந்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போகும். ஜூன் மாதம் ஊரே அங்கே நிற்கும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மே முதல் வாரத்தில் போட்டுவிடுங்கள். மையத்தில் தரும் ரசீதில் விண்ணப்ப எண் இருக்கும், அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வி.ஏ.ஓ. மேசையில் நிற்கிறதா, தாண்டிவிட்டதா என்று பார்க்க அந்த எண்தான் வேண்டும்.

பெரும்பாலான உதவிகளுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். என்.எம்.எம்.எஸ்.ஸுக்கு மட்டும் ரூ.3.5 லட்சம்.

சாதிச் சான்றுக்குக் காலாவதி கிடையாது. பழைய கையெழுத்து அட்டையாக இருந்தால் இப்போதே டிஜிட்டல் சான்றாக மாற்றிக்கொள்வது நல்லது. ஆன்லைன் விண்ணப்பத்தில் சான்று எண் கேட்பார்கள்.

இனிஷியலில் மாட்டுவது

காகிதம் எல்லாம் இருந்தும் விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நான் பார்த்த முதல் காரணம் பெயர். நம் ஊர் வழக்கப்படி பிள்ளைக்கு அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். பள்ளிப் பதிவேட்டில் "கார்த்திகா செ" என்று இருக்கும். ஆதாரில் "கார்த்திகா செல்வம்" என்று அப்பா பெயரை முழுசாகப் போட்டிருப்பார்கள். பாஸ்புக்கில் "எஸ் கார்த்திகா". மூன்றும் ஒரே பெண்தான் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இதற்கு ஒரே வழி: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் பெயரும் பிறந்த தேதியும் எப்படி இருக்கிறதோ, அதையே அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதாரையும் பாஸ்புக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுவது. தலைகீழாகச் செய்யாதீர்கள். மதிப்பெண் சான்றில் திருத்தம் செய்ய மாதக்கணக்கில் அலைய வேண்டும், ஆதாரில் திருத்துவது அதைவிட எவ்வளவோ சுலபம்.

ஆதார் மையத்துக்குப் போகும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். 15 வயதானதும் கைரேகை, கண் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 15 முதல் 17 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. ஐந்து வயதில் வைத்த ரேகையோடு இருக்கும் பிள்ளைக்கு உதவித்தொகைச் சரிபார்ப்பில் விரல் வைத்தால் மெஷின் ஏற்காது. போன் நம்பரும் இப்போது கையில் இருக்கும் நம்பர்தானா என்று அங்கேயே பாருங்கள். ஓ.டி.பி. போவது அந்த நம்பருக்குத்தான்.

கணக்கு இருந்தால் போதாது

பிள்ளையின் பெயரில் தனிக் கணக்கு வேண்டும். ஜீரோ பேலன்ஸ் கணக்கு எந்த வங்கியிலும் திறக்கலாம். தபால்காரர் வழியாக அஞ்சலக வங்கியிலும் திறக்கலாம். இதோடு வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள்.

உதவித்தொகை கணக்கு எண்ணைப் பார்த்து வருவதைவிட ஆதார் எண்ணைப் பார்த்து வருவதுதான் அதிகம். ஒரு ஆதாருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும், பணம் போவது கடைசியாக எந்த வங்கியில் ஆதார் சீடிங் (அரசுப் பணம் வர ஆதாரைக் கணக்கோடு இணைப்பது) செய்தீர்களோ அங்கேதான். வங்கியில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்திருப்பது வேறு, சீடிங் வேறு. "டி.பி.டி.க்கு (அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது) சீடிங் பண்ணணும்" என்று வாய்விட்டுக் கேட்டு, அதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

என் வகுப்பில் ஒரு பெண். எட்டு மாதமாகப் பணம் வரவில்லை. அவள் அம்மா ஒவ்வொரு மாதமும் வேலைக்கு லீவு போட்டு வங்கிக்குப் போய் பாஸ்புக் அடித்துக்கொண்டு வருவார். அதே நூற்றுச் சொச்சம் பேலன்ஸ்தான். கடைசியில் ஆதார் இணையதளத்தில் வங்கி சீடிங் நிலையைத் திறந்து பார்த்தோம். வேறொரு வங்கியின் பெயர் வந்தது. அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது முகாமில் மொத்தமாகத் திறந்த கணக்கு அது, வீட்டில் யாருக்கும் நினைவே இல்லை. போய்ப் பார்த்தால் பணம் முழுவதும் அங்கே பத்திரமாகக் கிடந்தது. அன்று அந்த அம்மா சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஐந்து நிமிட வேலை. பிளஸ் ஒன் சேரும் முன்பே பார்த்துவிடுங்கள். வருடக்கணக்காகத் தொடாமல் வைத்திருக்கும் கணக்கில் நூறு ரூபாய் போட்டு எடுத்து உயிரோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்காமலே வருவது

புத்தகம், சைக்கிள், பஸ் பாஸ். புது பாஸ் வரும்வரை யூனிஃபார்மில் இருந்தாலோ பழைய பாஸைக் காட்டினாலோ அரசு பஸ்ஸில் ஏற்றிக்கொள்வார்கள். லேப்டாப்பை நம்பி இருக்க வேண்டாம், அது இப்போது கல்லூரிப் பக்கம் போய்விட்டது.

இதோடு பலர் மறந்துபோன ஒன்று, இடைநிற்றலைத் தடுக்கும் சிறப்பு ஊக்கத்தொகை. அரசு, உதவிபெறும் பள்ளிகளில் 10-ஆம் வகுப்புக்கு ரூ.1,500, 11-க்கு ரூ.1,500, 12-க்கு ரூ.2,000. மொத்தம் ரூ.5,000. 2011-12 முதல் நடக்கிறது. வருடா வருடம் கைக்கு வராது. டெபாசிட்டாக இருந்து பிளஸ் டூ முடித்தபின் வட்டியோடு வரும். பாதியில் நிற்காதே என்பதற்காகத்தானே அது. படிப்பு முடிந்த பின் வருவதால், பிளஸ் டூவில் கொடுத்த வங்கிக் கணக்கைப் பள்ளி முடிந்ததும் மூடிவிடாதீர்கள்.

விண்ணப்பித்தால் வருவது

எஸ்.சி. பிரிவு மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பெயரைப் பார்த்து கல்லூரிக்குத்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாவதுக்கு மேல் எல்லாமே போஸ்ட் மெட்ரிக்தான், பிளஸ் ஒன்னிலேயே ஆரம்பம். வீட்டிலிருந்து வருபவருக்கு வருடம் ரூ.2,500, விடுதியில் தங்குபவருக்கு ரூ.4,000. எஸ்.டி. பிரிவுக்கும் இதேபோல் உண்டு, தொகை கொஞ்சம் மாறும். கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்கு மாநில அரசு தருகிறது. பிளஸ் ஒன்னில் புதுசு, பிளஸ் டூவில் புதுப்பித்தல். பள்ளி வழியாக ஆன்லைனில் போகும்.

பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் வீட்டுப் பிள்ளைகளுக்கு பி.எம். யசஸ்வி என்ற மத்தியத் திட்டத்தில் உதவி உண்டு. கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகம் இருக்கும். உங்கள் பள்ளி அந்தத் திட்டத்தின் பள்ளிப் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கே நேரில் கேட்பதே மேல்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மாநில அரசு 9 முதல் 12 வரை வருடம் ரூ.8,000 தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டை அவசியம்.

என்.எம்.எம்.எஸ். பிள்ளைகளின் பெற்றோர் இங்கே கொஞ்சம் நிற்கவும். பிளஸ் ஒன்னில் பணம் தொடர வேண்டுமானால் பத்தாவதில் 60 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி.க்கு 55. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். பள்ளி மாறியிருந்தால் புதுப் பள்ளியின் பெயர் அதில் ஏறியதா என்று பாருங்கள். பழைய பள்ளியும் புதுப் பள்ளியும் "அவங்க பார்த்துப்பாங்க" என்று இருந்துவிட, தேதி முடிந்துபோகும். அனுப்பிய விண்ணப்பத்தைப் பள்ளி அளவில் ஒருமுறை, அதற்கு மேல் ஒருமுறை சரிபார்ப்பார்கள். குறை இருந்தால் திருத்தச் சொல்லித் திருப்புவார்கள். அது வீட்டுக்குத் தபாலில் வராது, நீங்கள்தான் வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் இரண்டு உதவித்தொகையை ஒரே வருடத்தில் வாங்க முடியாது. எஸ்.சி. பிரிவுப் பிள்ளைக்கு என்.எம்.எம்.எஸ்.ஸும் இருந்தால் எதை விடுவது என்று யோசிக்கவே வேண்டாம், 12,000-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஊரில் மேல்நிலைப் பள்ளி இல்லையென்றால் விடுதி இருக்கிறது. ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் விடுதிகள் எல்லாம் 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறின. தங்குவது, சாப்பாடு இரண்டும் இலவசம். சாப்பாட்டுக்கு மட்டும் பள்ளி மாணவர் ஒருவருக்கு அரசு மாதம் ரூ.1,400 ஒதுக்குகிறது. பையன்களுக்கு வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று விதி உண்டு (பி.சி. விடுதிக்கு 8 கி.மீ.). பெண்களுக்குத் தூரக் கணக்கு இல்லை. இடம் கேட்கும் முன் ஒரு நாள் சாயங்காலம் நேரில் போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, வார்டன் ராத்திரி தங்குகிறாரா. எல்லா விடுதியும் ஒன்றுபோல் இருக்காது.

எழுதிப் பிடிப்பது

இந்த வயதுப் பிள்ளைகளுக்கென்றே இரண்டு தேர்வுகள் உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் ரூ.50.

தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் பிளஸ் ஒன் மாணவர்கள் 1,500 பேரைத் தேர்வு செய்து மாதம் ரூ.1,500 வீதம் இரண்டு வருடம் தருகிறார்கள். பாதி இடம் அரசுப் பள்ளிக்கு, மீதிப் பாதியில் தனியார் பள்ளி மாணவர்களும் போட்டியிடலாம், சி.பி.எஸ்.இ. உட்பட. பாடம் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்தான். அதனால் பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன், ஒவ்வொரு வருடமும் பாதி வகுப்பு போட்டுவிட்டு வந்து நிற்கிறது.

முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். 500 பையன்கள், 500 பெண்கள். வருடம் ரூ.10,000, பட்டப்படிப்பு முடியும்வரை. கணக்கில் 60 கேள்வி, அறிவியல், சமூக அறிவியலில் 60 கேள்வி, எல்லாம் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து. மாநிலத்துக்கே ஆயிரம் இடம்தானே என்று எழுதாமலே விடுபவர்கள்தான் அதிகம். ஐம்பது ரூபாய்க்கு எழுதிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

வீட்டில் இடி விழுந்திருந்தால்

இந்தப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்குத் தேவைப்படலாம், படித்து வையுங்கள்.

சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்துவிட்டாலோ, நிரந்தரமாக முடங்கிவிட்டாலோ, அரசு, உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெயரில் அரசு ரூ.75,000 டெபாசிட் போடுகிறது. தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் கேட்பார்கள். விபத்து என்றால்தான் இது. மாரடைப்பில் போனவர் வீட்டுக்குக் கிடையாது.

அப்படிப்பட்ட வீடுகளுக்கு வேறு இரண்டு வழி உண்டு. அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் 18 வயது வரை பள்ளிப் படிப்பு தொடர மாதம் ரூ.2,000. இன்னொன்று மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு, மாதம் ரூ.4,000, இதுவும் 18 வயது வரை. கணவரை இழந்த, கைவிடப்பட்ட அம்மாவின் பிள்ளைகள் இதில் வருவார்கள். வருமான வரம்பு கிராமத்தில் வருடம் ரூ.72,000, நகரத்தில் ரூ.96,000. இதற்குப் போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகம். இடம் தெரியாவிட்டால் 1098-க்கு அடித்துக் கேட்கலாம்.

இந்த இரண்டையும் பள்ளியில் யாரும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதில்லை. பிள்ளையும் வெட்கப்பட்டுச் சொல்லாது. அதனால் அம்மாவே வகுப்பாசிரியரிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

அப்பா அம்மாவின் தொழில் வழியாக

கட்டுமானம், தையல், ஆட்டோ, வீட்டு வேலை என்று நல வாரியத்தில் பதிந்திருப்பவர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் கிடைக்காது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் உதவித்தொகை தனி, தேசிய உதவித்தொகை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

பணம் வரவில்லை என்றால்

முதலில் ஆதார் சீடிங். அடுத்து விண்ணப்பத்தின் நிலை. இரண்டும் சரியாக இருந்தால் வகுப்பாசிரியரிடம் பிள்ளையின் எமிஸ் எண்ணை (பள்ளிக்கல்வித் துறையின் ஆன்லைன் பதிவேட்டு எண்) சொல்லி, பெயர், சாதி, ஆதார், வங்கி விவரம் எல்லாம் எமிஸில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி அங்கேயே தெரிந்துவிடும். அதற்கும் மேல் போக வேண்டுமானால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தாலும் ரசீதோடு பதில் வரும். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வருவதைவிட ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் காகிதமும் ஒரே ஃபைலில் இருக்கட்டும். பிளஸ் டூ தொடங்கும் ஜூனில் வருமானச் சான்றை மட்டும் புதிதாக மாற்றி, என்னென்ன புதுப்பிக்க வேண்டுமோ அதைச் செய்தால் போதும். பிளஸ் டூ ரிசல்ட் வந்து அதே டி.சி. வரிசையில் மறுபடி நிற்கும்போது, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றையும் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும்.